வேறொருத்தி பெயரில் வந்த பாராட்டு

சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, நான் அரசாங்கத்தை ஏமாற்றினேன். மருத்துவமனை உதவியாளர்களை உருவாக்க அரசு நிதி தந்தது. முப்பது பேருக்கு இடம். மூன்று பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். நான் அதை மறைத்து, பதிவேட்டில் அவர்களும் தினமும் வந்ததாகவே எழுதிவந்தேன். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் இருவரையும், மையத்தைப் பெருக்கும் அம்மாவையும் அந்த மூவரின் பெயரில் சீருடையில் உட்காரவைத்தேன். அந்த அம்மா கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்.

அதிகாரியும் ஒரு பெண்தான். அத்தனை பேரில் பெருக்கும் அம்மாவையே எழுப்பினார். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிக் காட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ கட்டிலில் கிடந்த பயிற்சிப் பொம்மையிடம் குனிந்து, "தாத்தா, இந்தப் பக்கமா திருப்பப் போறேன், பயப்படாதே" என்றார். தோளிலும் இடுப்பிலும் கைவைத்துப் பதமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். வகுப்பே சிரித்தது, அதிகாரியும்தான். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்ட மாமனாரைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சீருடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார்.

"சார், மூணு சீட்டு காலியாத்தானே கீது. ஒண்ணுல நான் குந்திக்கவா?"

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? வேலையைப் பாரு."

என்ன படித்திருக்கிறார் என்றுகூட நான் கேட்கவில்லை. பத்தாவது தேறியவர். அந்தப் பயிற்சிக்கு அதுவே போதும்.

பத்து நாள் கழித்து அதிகாரியின் பாராட்டுக் கடிதம் வந்தது. வராத பெண் ஒருத்தியின் பெயரில். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். துடைப்பத்தோடு வாசலில் நின்றவர் கேட்டார்: "அது என்னைப் பத்திதானே சார் எழுதிக்கீறாங்க?"

குரலில் கோபமே இல்லை.

மறுநாள் காலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தார். பிறகு, "பொம்மையைத் தாத்தான்னு கூப்பிட்டாங்களே, அவங்க பேர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று இடங்களுக்கான நிதியைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். என் பொறுப்பும் போயிற்று. ஆனால், அடுத்த பயிற்சிக்கான பட்டியலில் முதல் பெயர் அந்த அம்மாவுடையது.

சான்றிதழ் விழாவுக்கு என்னை அழைத்தது அவர்தான். கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"படிச்சுப் பாரு சார். இந்த வாட்டி என் பேருதான் போட்டுக்கீறாங்களா?"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இப்போது அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை செய்கிறார். அந்த நாளை நினைத்தால் வெட்கமும் மகிழ்ச்சியும் சேர்ந்தேதான் வருகின்றன, இரண்டில் எது குறைந்தாலும் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்று தோன்றுகிறது.