மாலையில்லாத சிலைகளைப் பார்க்கப் போனவள்

பூமாரிக்கு ஒரு நோயும் இல்லை. போகிற ஊரில் அவளுக்காக எவனும் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. ஊர் பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான். இதைத்தான் தெருக் குழாயடியில் நின்று தொண்டை வறளச் சொன்னேன். எதிர்வீட்டுக் கோகிலா ஒப்புக்கொள்ளவே இல்லை.

"ஊர் பாக்கவா? ஏன் ஆச்சி, இங்கன குத்தாலம் இல்லியா, கன்னியாகுமரி இல்லியா? அம்பது தாண்டுனவ பிளேன் ஏறி வெள்ளக்காரன் ஊருக்குப் போறான்னா சும்மாவா போவா?"

"சும்மாதாம்ட்டி போறா. உனக்கு எங்கன வலிக்கி?"

"கடையநல்லூர்ல வீட்டுக்கு வீடு துபாய்க்குப் போறாங்க, சம்பாதிக்க. மக பிரசவம் பாக்க அமெரிக்கா போறவங்க இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்க. இவ எதுக்குப் போறா? சொல்லுங்க."

"ஒரு பாலத்தப் பாக்கப் போறா."

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சிரிக்கிறவர்களிடம் என்ன பேச்சு?

அந்தப் பாலம் எனக்குத் தெரியும். பூ மார்க்கெட்டில் பூமாரி கடையில் பூ வாங்கிய எல்லாருமே அதைப் பார்த்திருக்க வேண்டும், நிமிர்ந்தால்தானே தெரியும்? அவளுடைய அப்பா இருந்த காலத்தில் ஏதோ உரக் கம்பெனி கொடுத்த காலண்டர். தேதித்தாள் எல்லாம் போன பிறகும் படத்தை மட்டும் தராசுக்கு மேலே மாட்டி வைத்திருந்தாள். ஒரு ஆறு, அதன்மேல் கல்பாலம், பாலத்தின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சிலைகள், ஒரு முனையில் கறுத்த கோபுரம்.

அப்பா நெஞ்சுவலியில் போனபோது பூமாரி சின்னப் பெண். காரியம் முடிந்த மறுநாள் விடியுமுன் கடையில் போய் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. மல்லிகைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தினமும் பூக்கும், தினமும் வந்து இறங்கும், அன்றைக்கே விற்றாக வேண்டும். ஊரே பொங்கல் வைக்கிற நாளில் அவளுக்கு இரட்டை வேலை. தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "கடைய யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டே திருப்பி அனுப்பினாள். எங்கள் ஊர்ப் பூ பெட்டியில் ஏறி, பனிக்கட்டியோடு விமானத்தில் வெளிநாடு போகிறது. அந்தப் பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறவள் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ப்ரியதர்ஷினி எழுதுகிறாள். இந்த இடத்தை மட்டும் சுருக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்தது ஐப்பசி அடைமழையில். மார்க்கெட்டில் ஒரு பூ இல்லை. மாலை இல்லாமலே எடுத்துவிடலாம் என்று என் மகன் சொல்லிவிட்டான். பூமாரி யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே பஸ் ஏறி, அத்தனை தூரத்தில் இருக்கிற தோவாளைப் பூச்சந்தைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் பாடை தூக்குகிற நேரத்துக்கு, சேலையெல்லாம் சொட்டச் சொட்ட, பெரிய மாலையை வாழையிலையில் பொதிந்து தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றாள்.

"தாத்தாவ வெறுங்கழுத்தா அனுப்பக் கூடாதுல்லா ஆச்சி" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அந்த மாலைக்கு நான் என்ன பதில் செய்ய? என் வாயாவது அவளுக்காகப் பேசட்டும் என்றுதான் குழாயடியில் நின்றேன். இனியும் நிற்பேன்.

பெனிட்டா டீச்சர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் பூ வாங்க வருவார். ஒரு சனிக்கிழமை பூமாரி அவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"டீச்சர், ரொம்ப நாளா மனசுல கெடக்கு. இது எந்த ஊரு? இம்புட்டுச் சிலை நிக்கி, ஒண்ணு கழுத்துலயும் ஒரு முழம் பூவக் காணோமே."

டீச்சர் போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தார். "ப்ராக்னு ஒரு ஊரு பூமாரி. செக் நாட்டுல இருக்கு. அறுநூறு வருசத்துக்கு மேல ஆன பாலமாம்."

"அங்க யாரும் போலாமா?"

"போலாமே."

"நாம?"

டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை பூவை வாங்குமுன்னே சொன்னாராம்: "நானும் வாரேன். மேப்புல காட்டிக் காட்டியே வயசு போச்சு. எனக்கும் இதுதான் மொதல் தடவ."

பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி. விசாவுக்குச் சென்னை. அங்கே கைரேகை வைக்கச் சொன்னபோது பூமாரிக்கு ரேகை லேசில் விழவில்லையாம்; நாரும் நூலும் இழுத்து இழுத்துத் தேய்ந்த விரல். திரும்பத் திரும்ப அழுத்தி ஒருவழியாக விழுந்தது. ப்ராக்கில் தெருவெல்லாம் கல் பதித்தது, நாள் முழுக்க நடக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லவே, இரண்டு பேரும் சாயங்காலமானால் கோயிலின் நான்கு ரத வீதியையும் சுற்ற ஆரம்பித்தார்கள். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ. ஊர்க் கண்ணுக்கு அது போதாதா?

"என்ன பூமாரி, போலீசு வேலைக்கு ஆள் எடுக்காங்களா?" என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. சேந்ததும் மொதல்ல ஒங்களத்தான் பிடிக்கணும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் பஞ்சாங்கம் இடித்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மாலை வியாபாரம் மந்தம். கடையை விட்டுப் போக அதுதான் நல்ல சமயம் என்று பூமாரியேதான் தேதி சொன்னாள். போன வருஷம் எங்கள் கோயில் ஆடித்தவசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியபோது ஆடி பிறந்து பல நாள் ஆகியிருந்தது. அதற்குள் போய் வந்துவிடலாம் என்று நினைத்தாள். டிக்கெட் போட்டபோது புதுப் பஞ்சாங்கம் வந்திருக்கவில்லை. வந்த பிறகு பார்த்தால், இந்த வருஷம் தவசு வருகிற பௌர்ணமி முந்திக்கொண்டது. ஆடி பிறக்கிற கையோடு கொடி. விமானம் அதற்கு மூன்றாம் நாள்.

கோமதியம்மன் தவசுக்குக் கொடி ஏறிவிட்டால், தவசு முடியும்வரை எங்கள் தெருவில் யாரும் ஊர் எல்லை தாண்டி இரவு தங்க மாட்டோம். தங்கினால், ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மனைத் தனியே விட்டுவிட்டுப் போனதாக அர்த்தம்.

"நான் போகல ஆச்சி" என்று என் வீட்டுக்கு வந்து சொன்னாள். "அம்மன் இங்க ஒத்தக்கால்ல நிக்கும்போது நான் அங்கன போயி பாலத்துல நடக்கவா? டீச்சர் மட்டும் போகட்டும்."

தெரு பேசியதற்கு அவள் அசையவில்லை. இதற்கு அசைந்துவிட்டாள். மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஆணியில் காலண்டர் இல்லை. அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நேரே கோகிலா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரன் போன தவசுக்கு ஊர்ல இருந்தானா?"

அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் லாரி ஓட்டுகிறவன்.

"இல்ல ஆச்சி. நாசிக்குக்கு லோடு போயிட்டாவ."

"கொடி ஏறுன பெறகா போனான்?"

"அது எப்படிப் போவாவ? முந்துன நாளே லாரிய எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டு நிப்பாட்டிட்டாவ. கொடி ஏறும்போது ஊருக்குள்ள இருந்தவங்களத்தான கொடி கட்டும்?"

"இந்த வழி லாரிக்காரனுக்கு மட்டுமா, பூக்காரிக்கும் உண்டா?"

கோகிலா குனிந்து மடியைப் பார்த்தாள். மடியில் பாதி கட்டிய பூச்சரம் கிடந்தது. பூமாரி கடைக்குத்தான் அவள் பல வருஷமாகப் பூக் கட்டுகிறாள்.

"அவ அங்கனயே இருந்துட்டா நான் யாருக்கு ஆச்சி பூக் கட்டுவேன்?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அடப் பாவி மகளே, இதற்குத்தானா இத்தனை பேச்சு!

"வருவா. தவசுக்கு முந்துன நாள் இங்கன வந்து நிப்பா. அதுவரைக்கும் கடையில நீ உக்காரு."

"நானா?"

"நீதான். சாவிய நான் வாங்கித் தாரேன்."

பூமாரி உடனே சம்மதிக்கவில்லை. கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்று கேட்டுவிட்டு வந்தாள். என்ன கேட்டாளோ, திரும்பி வந்து பரணிலிருந்த பெட்டியை இறக்கினாள். சுருட்டி வைத்திருந்த காலண்டர் படத்தைத் துணிகளுக்கு நடுவே வைத்தாள்.

ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் ராயகிரியில் என் மகள் வீடு இருக்கிறது. விமானநாள்வரை அங்கே தங்கிவிட்டு மதுரைக்குப் போவதென்றும், டீச்சர் நேரே விமான நிலையத்துக்கு வருவதென்றும் ஏற்பாடு. கொடிக்கு முந்தின நாள் சாயங்காலம் பூமாரி வீட்டில் இருந்தேன். கோயில் பிரசாதமான புற்றுமண்ணை அவள் நெற்றியில் வைத்துவிட்டேன். காலில் விழுந்து எழுந்தாள்.

"ஒரே ஒரு சிலைக்காவது மாலை போட விட மாட்டாங்களா ஆச்சி?"

"டீச்சர்தான் சொல்லிட்டாவளே, விட மாட்டாங்கன்னு. போட்டு மாட்டிக்கிடாத. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வா."

நான் தாலியறுத்தவள். புறப்படுகிறவளுக்கு எதிரே வரக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பூமாரி வாசலில் தயங்கினாள். நல்ல சகுனமாக எதிரே வரத் தெருவில் ஆளே இல்லை. அப்போது தெருமுனையிலிருந்து கோகிலா வந்தாள். மஞ்சள் பூசிய முகம், இடுப்பில் ததும்பத் ததும்ப நிறைகுடம். அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற நாளே இல்லை. வீட்டுத் தொட்டியில் மொண்டுகொண்டு பின்சந்து வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "தண்ணி பிடிச்சிட்டு வாரேன்" என்றாள்.

பூமாரி குடத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன் கோகிலா."

"சீக்கிரம் வா. சம்மங்கி எவன்கிட்ட வாங்கணும்னு எனக்குத் தெரியாது பாத்துக்க."

வெள்ளை ஷூ போட்ட வலதுகாலை முதலில் வெளியே வைத்தாள் பூமாரி. பெட்டியின் சக்கரம் தெருக்கல்லில் தடதடக்க, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். குடத்தை இறக்காமல் கோகிலா அங்கேயே நின்றாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.