பெயர்க் கல் இல்லாத பள்ளிவாசல்

அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மகன் ரஃபீக் ஆபீஸிலிருந்து போன் செய்தான். "அம்மா, ஹபீப் பாய் மவுத்தாயிட்டாரு. காலையில நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு." இன்னா லில்லாஹி சொன்னேன். சொல்லி முடித்ததும் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. ‘கடைசிவரை அந்தப் பெயர்க் கல்லை வைக்காமலே போய்விட்டாரே’ என்பதுதான். இறந்தவரைப் பற்றி எழுதும்போது பொய் கூடாது. துக்கம் அதற்குப் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

ஹபீப் அவர்கள் எங்கள் பள்ளிவாசலை வரைந்து கட்டிய ஆர்க்கிடெக்ட். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இடம் என் வீட்டுக்காரர் சிக்கந்தருடையது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அவர், ஊருக்கு வெளியே கச்சிபௌலிக்கு அப்பால் பாறையும் முள்ளுமாகக் கிடந்த மனையை வாங்கியபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் சொல்வேன். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த பிறகு அதே ஆட்கள் விலை பேச வந்தார்கள். "அங்க ஒரு பள்ளி வரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். இடத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்த வக்ஃபுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

முதல் நாள் ஹபீப் தம்பி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு இடத்துக்குப் போனார். டேப்பைக்கூட எடுக்கவில்லை. மதியம் லுஹரிலிருந்து சாயங்காலம் அஸர்வரை பாறைமேல் உட்கார்ந்து நிழல் நகர்வதைப் பார்த்தார். "பெரியம்மா, இங்க காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்றார். மேற்கே கை காட்டினேன். பின்பக்கம் கூலிக்காரர்களின் தகரக் குடிசைகள் இருந்தன. "அப்ப நம்ம கட்டடம் உசரமாப் போகக்கூடாது. அவங்க காத்தை அடைச்சுட்டு நாம எங்க தொழுவுறது?" அந்தப் பாறையையும் வெடிக்க விடவில்லை. அது இப்போதும் முற்றத்தில் கிடக்கிறது. பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிறார்கள்.

கட்டடப் படத்தை விரித்துக் காட்டியபோது எனக்குப் பிடிக்கவில்லை. கும்மட்டம் இல்லை, மினாரா இல்லை. வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, தொழும் திசையில் கிப்லாச் சுவரை ஒட்டி மேலிருந்து வெளிச்சம் இறங்க ஒரு நீண்ட இடைவெளி.

"என்ன தம்பி இது, கம்பெனி கேன்டீன் மாதிரி இருக்கு?"

"கேன்டீன்ல மேனேஜரும் பியூனும் ஒரே லைன்ல நிக்கிறாங்கல்ல பெரியம்மா? நமக்கும் அதுதானே வேணும்."

சிரித்துவிட்டேன். அன்று சிரித்ததற்காகப் பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். பெண்களும் அதே வாசல் வழியாக வரவேண்டும் என்று நிர்வாகத்தாரோடு வாதாடி வாங்கித் தந்தார். தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ செய்யும் குழாயோடு, தெருவைப் பார்த்துக் குடிநீர்க் குழாய் ஒன்றும் வைத்தார். கொத்தனார்களும் ஆட்டோக்காரர்களும் அதில்தான் குடிக்கிறார்கள். யார் என்ன மதம் என்று குழாய் கேட்பதில்லை.

பிறகுதான் கல் விஷயம் வந்தது. வாசலில் என் வீட்டுக்காரர் பேரில் ஒரு கல் வேண்டும் என்றேன். எனக்கு வாசிக்கத் தெரிந்தது கொஞ்சம். அதில் அவர் பேர் உண்டு. அதற்குள் ஒரு பெரிய கம்பெனிக்காரர், தான் கொடுத்த ஃபேன்களில் தன் அத்தா பேரை எழுதச் சொல்லியிருந்தார். ஹபீப் தம்பி இருவருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"பேர் போட ஆரம்பிச்சா ஃபேன், டியூப்லைட்டுன்னு போயி செருப்பு ஸ்டாண்டுல வந்து நிக்கும் பெரியம்மா."

"ஃபேனும் நிலமும் ஒண்ணா?"

அவர் சிரிக்கவில்லை. "உள்ள நுழையிறவன், இது யார் கொடுத்த இடம்னு நினைக்கக்கூடாது. தன் இடம்னு நினைக்கணும். பெரியப்பா அதுக்குத்தானே கொடுத்தாங்க?"

என் புருஷன் எதற்குக் கொடுத்தார் என்று எனக்குச் சொல்ல அவர் யார்? அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒவ்வொரு பெருநாளும் தேடி வந்து சலாம் சொல்வார். பதில் சலாம் கடமை, அதனால் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் கொடுத்ததில்லை. அவரும் ஒரு பெருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் ரஃபீக்கும் நிர்வாகத்தாரும் வீட்டுக்கு வந்தார்கள். கறுப்புக் கல்லில் வெட்டுவதற்கு எழுதிய தாளைக் கையில் கொடுத்தார்கள். மேலே சிக்கந்தர், கீழே ஹபீப். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தேன். அழகாகத்தான் இருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"நக்கோப்பா. வேணாம்."

"இத்தனை வருஷமா நீங்கதானேம்மா கேட்டீங்க?" என்றான் ரஃபீக்.

"கேட்டேன். அவர் உசுரோட இருக்கறப்ப கேட்டேன், சண்டை போட்டேன். பதில் சொல்ல ஆளில்லாதப்ப ஜெயிக்கிறது எனக்கு வேணாம்."

வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அன்று மஃரிபுக்கு என்னையும் பள்ளிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். சுவரில் கடைசி வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு சின்னப் பெண், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, அவசரமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். யார் கொடுத்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. தன் வீட்டுக்குள் வருவதுபோல வந்தாள்.

தொழுதபின் கையேந்தி அவர்கள் இருவர் பேரையும் சொன்னேன். முதலில் என் வீட்டுக்காரர். தம்பி, உங்களுக்கு இரண்டாமிடம்தான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும்.