கைக்கு எட்டாத இரண்டாவது மெஷின்

தையல்காரன் ஊரார் உடம்பையெல்லாம் அளப்பான். விலைவாசியை அளக்க மட்டும் அவனிடம் நாடா கிடையாது. எழுபதுகளின் கடைசியில் கடை வைத்துப் பாடுபட்டவர்களே, நான் படும் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சொன்ன கூலி

இலங்கை மலைநாட்டுப் பதுளைக் கடைவீதியில் எங்கள் வழக்கம் இதுதான்: அளவெடுக்கும்போதே கூலியைச் சொல்லிவிடுவோம், காசு உடுப்பைக் கொடுக்கும்போது. திறந்த பொருளாதாரம் வந்த புதுசில் துணி குவிந்தது, விலையும் கூடவே ஏறியது. தீபாவளித் துணியைத் தைத்து முடிப்பதற்குள் நூல் விலையும் பட்டன் விலையும் எங்கேயோ போய்விடும். மற்றவர்கள் கடைசி நேரத்தில் கூலியைக் கூட்டினார்கள். நான் செத்தாலும் கூட்டமாட்டேன் என்றேன். எதிர்க்கடை டெய்லருக்குப் பொறுக்கவில்லை.

"நீ என்ன சத்திரமா நடத்துறே? நூல்கடைக்காரன் உனக்கு மட்டும் சும்மாவா தர்றான்?"

மூன்று தடவை

என்னிடம் ஒரே மெஷின். என் மனைவி செல்லம்மா என்னைவிட நன்றாகத் தைப்பாள். அவளுக்கும் ஒன்று இருந்தால் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடை வேலை முழுவதும் எங்களுக்குத்தான். அதற்காகப் பால்மா டின்னில் காசு சேர்த்தோம். ஆறு மாதம் சேர்த்துக்கொண்டு போனால் மெஷின் விலை ஏறியிருந்தது. பற்றாத காசையும் சேர்த்துக்கொண்டு போனேன், மறுபடியும் ஏறியிருந்தது. மூன்றாம் தடவை மெஷின்கடை முதலாளி என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க தம்பி, இந்தத் தடவையும் விலை கேக்கத்தானே வந்தீங்க?"

வளரும் நாடு

பேப்பர் படித்துவிட்டுக் கடைக்கு வரும் கிளார்க் ஐயா ஒருவர், பக்கத்து ஊரான ஹாலிஎலக்காரர். விலை ஏறினால்தான் நாடு வளரும் என்று அடித்துப் பேசுவார். "முதல் போட வச்ச காசை விலையே தின்னுட்டா தொழில் எப்படிங்க வளரும்?" என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும், காற்சட்டை லூசாப் போச்சு, இடுப்புல ஒரு அங்குலம் பிடிச்சுக் குடுங்க."

மாரியாயி வந்த ஞாயிறு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயியிடம் செல்லம்மா இந்த மெஷின் கதையைச் சொல்லி அழுதிருக்கிறாள். சம்பளம் போட்ட மறுநாள் மாரியாயி தன் லயத்து வரிசைவீடுகளின் பெண்கள் பத்துப் பேரோடு கடைக்கு வந்தாள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒருத்தி கையிலும் துணி இல்லை. ஆளுக்கொரு ஜாக்கெட் கூலியை மேசையில் வைத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "துணியே இல்லாம கூலி வாங்குற ஆளா நான்?" என்றேன். மாரியாயி காசை என் பக்கம் தள்ளினாள்.

"கத்தாதீங்க டெய்லரண்ணே, போன வருசம் சொன்ன கூலிக்கே தச்சுக் குடுத்தீங்கல்ல? தோட்டத்துல தீவாளி அட்வான்ஸ் போட்ட பொறகு துணி வரும், நீங்க விலை ஏறுறதுக்குள்ள போயி மெஷினத் தூக்கிட்டு வாங்க!"

மறுநாளே டின் காசோடு அதையும் சேர்த்துக் கொடுத்து மெஷினைத் தூக்கிவந்தேன், அடுத்த கிழமை மெஷின் விலை மறுபடி ஏறியதாம், என் ஆயுசில் விலை ஏறியதைக் கேட்டு மார்தட்டிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.