ஒப்பீட்டுக் கிணறு

தண்ணீர்ச் சோதனை ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்து வருவது என் வேலை. திருத்தணியிலிருந்து கிளம்பினால் முதல் நிறுத்தம், கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணறு. இரும்பு உருக்காலைகள் அதற்குக் கீழே, ஆறு போகும் திசையில் இருக்கின்றன. கழிவு எட்டாத தண்ணீர் என்பதால் அதை ஒப்பீட்டுக் கிணறு என்போம். கீழ்க்கரைத் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

கிணற்றுக்காரம்மாவுக்கு அதில் பெருமை. அக்கம்பக்கத்தார் குடிக்க அங்கேதான் எடுப்பார்கள். நான் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கும்போது ஒரு சொம்பு நீட்டுவார்.

"பாட்டிலுக்கு ஐஸு வெச்சு மாப்பிள்ள மாரி கூட்டிக்கினு போறியே நைனா, நீ குடிக்க மாட்டியா?"

குடிப்பேன்.

போன மழைக்கு முன் கிணற்றுக்குப் போகும் பாதையில் கருஞ்சரளை பரப்பியிருந்தது. உருக்காலையில் இரும்பு எடுத்தபின் மிஞ்சும் கசடு.

"கம்பெனி மண்ணு. கேட்டேன், சும்மாவே கொட்டிட்டுப் போனாங்க" என்றார். எங்கள் ஜீப் அன்று வாய்க்கால் சேற்றில் சிக்கவில்லை. டிரைவர் அவருக்கு நன்றி சொன்னார்.

மழைக்குப் பின் எடுத்த தண்ணீரில் குரோமியம் என்ற நச்சு உலோகம் இருந்தது, குடிக்கக் கூடாத அளவில். மறுபடி சோதித்தோம், மாறவில்லை. இந்தக் கிணற்றுக்கும் கீழ்க்கரைக்கும் உள்ள வேறுபாடு குறைந்திருந்ததால், மேலதிகாரி அறிக்கையில் "நிலைமை மேம்பட்டுள்ளது" என்று எழுதினார்.

"கீழ நல்லா ஆகலை சார், மேல கெட்டுப்போச்சு" என்றேன்.

"மேலிடத்துல கேக்கறது வேறுபாடு மட்டுந்தான்யா."

விடுமுறை நாளில் பஸ் பிடித்துக் கிணற்றுக்குப் போனேன். கிணற்றுக்காரம்மா சொம்போடு வந்தார்.

"இன்னா நைனா, நம்ம தண்ணி பாஸா?"

"குடிக்காதீங்கக்கா. யாருக்கும் குடுக்காதீங்க."

சிரித்தார். கசடிலிருந்து மழையில் கரைந்து கிணற்றில் இறங்கியதைச் சொன்னதும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான கேட்டு வாங்கனேன். அத்த வாரிட்டா சரியாப்பூடுமா?"

"உடனே ஆகாதுக்கா."

அந்தப் பாதையிலேயே இரண்டு பெண்கள் குடத்தோடு வந்தார்கள். "நீயே சொல்லு நைனா, எனக்கு வாய் வர்ல" என்றார். சொன்னேன்.

"வருசாவருசம் பாட்டில் பாட்டிலா எடுத்துக்கினு போனது இத்த சொல்லத்தானா?" என்றாள் ஒருத்தி. காலிக் குடத்தோடு திரும்பினார்கள்.

சொம்புத் தண்ணீரைக் கரும்பின் அடியில் ஊற்றப் போன கிணற்றுக்காரம்மா, ஊற்றாமல் நிறுத்தினார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அது அவர் கையிலேயே இருந்தது.