நிஜ மெஷினில் காட்டு

டீக்கடையில் நான் சொல்கிற கதைகளில் பாதி புளுகு என்று பாறசாலையில் எல்லோருக்கும் தெரியும். இது மற்றப் பாதி. நேரம் உட்பட அன்றைக்கே டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பகலில் வாருங்கள்.

1999 நவம்பர். ராஜையா முதலாளியின் ரப்பர் பால் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பில் இருந்தது. அம்பூரியிலிருந்து பால் வரும். பதப்படுத்தி, டிரம் டிரம்மாக வெளியூருக்குப் போகும். எந்த டிரம், என்ன எடை, எங்கே போகிறது என்று கவனிக்கிற மென்பொருளைத் திருவனந்தபுரத்துக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். எட்டு வருடம் நான்தான் அதற்கு ராஜா. ஏதாவது பழுது வந்தால் அவர்களுக்கு ஃபோன் செய்வேன். ஃபோனிலேயே சொல்லித் தருவார்கள். "ஒரு ஆளை அனுப்பப்பிடாதா?" என்று எட்டு வருடமும் கேட்டேன். ஒருத்தனும் வரவில்லை.

பிறகு ஸ்வப்னா வந்தாள். காஞ்சிரங்குளத்துப் பெண். இருபத்துநாலு வயது. வந்த மூன்றாம் மாதமே, பழைய மெஷினில் இருந்ததை அப்படியே எடுத்து ஒரு புதுக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டாள். விர்ச்சுவல் மெஷின் என்றாள். அதாவது, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஒரு பாவனை. உள்ளே ஓடுகிற மென்பொருளுக்குத் தான் இன்னொன்றின் வயிற்றில் இருப்பதே தெரியாதாம். முதலாளி தன் வீட்டிலிருந்து ஏத்தங்காய் அப்பம் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தார். எட்டு வருடத்தில் எனக்கு ஒரு பரிப்புவடை வந்ததில்லை.

திங்கட்கிழமை பழைய மெஷினை நிறுத்தினோம். அதன் வயரைப் பிடுங்கி, சுருட்டி, சணல் போட்டுக் கட்டியது நான்தான்.

"ஒரு வாரம் புதுசு ஓடட்டு," என்றார் முதலாளி. "நிக்காம ஓடினா, தங்கப்பா, நீ அம்பூரி ஷெட்டுக்குப் போய் பால் அளந்துக்க. மலைக்காத்து ஒடம்புக்கு நல்லதாக்கும்."

ஒரு வாரத்துக்குள் அது நிற்க வேண்டும். கோயில், சர்ச், ஒன்றையும் விட்டுவைக்காமல் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஹர்த்தால். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மறுநாள் லோடு ஏற வேண்டும் என்பதால் நானும் ஸ்வப்னாவும் மட்டும் மழையில் நடந்தே வந்தோம். காலை 9.50. நாற்பத்தொன்றாம் டிரம்மின் எடையை அவள் அடித்தாள். 196 கிலோ.

திரை நின்றுவிட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தை இருமி மறைத்தேன்.

"என்ன சாரே இது, அனங்க மாட்டேங்குது?" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு என்ன தெரியும் மக்கா. நான் பால் அளக்கப் போற ஆளில்லியா."

10.15. அவள் பார்க்காத நேரம் வெளியறைக்குப் போய்த் திருவனந்தபுரத்துக்கு ஃபோன் செய்தேன். போன மாதமே நைசாகக் கடிதம் எழுதிக் கேட்டதற்கு இப்படிப் பதில் வந்திருந்தது. விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால் அவர்களுக்குப் பொறுப்பில்லை. பிழையை நிஜ மெஷினில் காட்ட வேண்டும். காட்டினால்தான் சப்போர்ட். அவர்கள் வாயாலேயே அது வரட்டும், அவளுடைய மெஷினின் கதை முடியும் என்பது என் கணக்கு.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஹர்த்தால் அன்று.

அந்தப் பக்கம் வேறு ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட.

"உங்க சாஃப்ட்வேரை இங்க ஒரு பெண்ணு வேற மெஷினுக்குள்ள போட்டு ஓட்டுதாளாக்கும்," என்று கோள் சொன்னேன்.

"பாறசாலைதானே..." என்றது ஓர் ஆண் குரல். நான் ஊர்ப்பேரைச் சொல்லியிருக்கவில்லை. "வாறேன்."

12.40. கதவருகே ஓர் ஆள் நின்றார்.

ஐம்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை. கையில் தோல்பை. குடை இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை. செருப்பில் வெள்ளைப் புழுதி... ஏப்ரலில், மேட மாத வெயிலில் ஒட்டுமே, அந்தப் புழுதி.

"மோகனன். சப்போர்ட்."

"எப்பிடி சாரே வந்திய? அமரவிளைப் பாலத்துல கல்லு போட்டு அடைச்சிருக்காம்."

"நான் பாலம் வழி வரல்ல."

பையைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. பார்த்துவிட்டு மூடினார்.

12.52. புதுக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"மெஷின் எங்க மோளே?"

"உள்ள இருக்கு சாரே."

"உள்ளன்னா... எங்க?"

ஸ்வப்னா புதுக் கம்ப்யூட்டரின் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். நான் முந்திக்கொண்டேன். "இல்லாத மெஷினாக்கும் சாரே. சப்போர்ட் கிடையாதுல்லா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நிஜ மெஷின்ல காட்டு," என்றார்.

"அதை நிறுத்தி நாலு நாளாச்சு," என்றேன்.

அவர் மூலைக்குப் போனார். பழைய மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது சூடா உண்டே."

நானும் தொட்டுப் பார்த்தேன்.

சுட்டது.

வயர் அதன் தலைமேல்தான் இருந்தது. சணல்கட்டு. நான் போட்ட முடிச்சு.

1.05.

கர்... கர்... கர்...

உள்ளே வட்டு சுற்றியது.

பழைய திரையில் பச்சை வெளிச்சம் மெல்ல ஏறியது. லோடு பட்டியல். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று... 196 கிலோ. அங்கேயே நின்றது.

அந்த டிரம்மை எடை போட்டதே அன்று காலையில்தான்.

ஸ்வப்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜ மெஷின்லயும் உண்டு," என்றார் மோகனன். "அப்போ எங்க பொறுப்பாக்கும்."

விசைப்பலகையை அவர் தொடவில்லை. புதுக் கம்ப்யூட்டரின் திரையில் எழுத்துகள் தாமாக ஓடின. நாற்பத்திரண்டாம் டிரம்முக்கு இடம் திறந்தது.

1.20.

"நல்லா செஞ்சிருக்க மோளே. இதுக்கு இனி சப்போர்ட் உண்டு."

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. சத்தியம். ஆனால் அதற்கு முன்னால் வயிறு எரிந்தது. எட்டு வருடம் கூப்பிட்டும் வராதவன், ஹர்த்தால் அன்று, மழையில், இவளைப் பாராட்ட வந்திருக்கிறான்.

வெளியே போனார். பின்னாலேயே ஓடிப் பார்த்தேன்.

ரோடு இரண்டு பக்கமும் காலி.

திரும்பி வந்து மூலையில் இருந்ததைத் தொட்டேன்.

ஜில்லென்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, திருவனந்தபுரத்துக்காரர்களே சப்போர்ட் கொடுத்ததால் வெள்ளிக்கிழமை நின்றதைக் கணக்கில் எடுக்காமல், முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழைய மெஷின் ஆக்கர் கடைக்கு, பழைய இரும்பு விலைக்கு. நான் அம்பூரிக்கு. ஸ்வப்னாவுக்கு மறுபடியும் அப்பம். பொறுக்கவில்லை. எப்படியாவது அந்தச் சப்போர்ட்டைப் பொய்யாக்க வேண்டும் என்று 11.30க்குத் திருவனந்தபுரத்துக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்தது சாரே. ஹர்த்தாலில்லே? நாங்க யாரையும் அனுப்பல்ல."

"மோகனன்னு ஒருத்தர் வந்தாரே."

"மோகனன் சாரா... அவர் தொண்ணூத்தாறுல, ஒரு கஸ்டமரோட மெஷின் முன்னால இருந்தபடியே மரிச்சுப்போனாரு. ஏப்ரல்ல."

"ரெஜிஸ்டரைப் பாரு பிள்ளே."

தாள் புரளும் சத்தம்.

"உண்டு... வெள்ளி, 10.15. பாறசாலை. 1.20க்கு முடிச்சதா எழுதியிருக்கு." அவள் குரல் இறங்கியது. "இது மோகனன் சாரோட கையெழுத்து..."

நான் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கீழ இன்னொரு வரியும் உண்டு சாரே. அதே எழுத்து. 'மெஷினுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆளை எடுத்துட்டு வர இன்னொரு தடவை போகணும்.' தேதி போடல்ல."

"ஆளுன்னா... பேரு எழுதியிருக்கா?"

"உண்டு."

ஒரு சின்ன ஆசையோடுதான் கேட்டேன். "ஸ்வப்னான்னா?"

"இல்ல சாரே," என்றாள். "தங்கப்பன்."