எட்டுப் பங்கு போட்ட தலை

புரோகிராம் எழுதுவது சுலபம். வாங்கினவர் மெஷினை மாற்றிய பிறகும் அது ஒழுங்காக ஓட வேண்டும் என்பதில்தான் எங்கள் தொழிலின் பாவமெல்லாம் இருக்கிறது. இதைப் படிக்கும் சக பாவிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

ஏழு பேர் சும்மா

ஸ்கேன் எடுத்த தலையைத் திரையில் முழு உருவமாகத் திருப்பித் திருப்பிக் காட்டும் புரோகிராம் என்னுடையது. வேலூரில் இருபது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பெட்டிக்குள் எட்டு பிராசசர் வந்த புதிது. ஆசையாக ஒன்று வாங்கிவிட்டுக் காட்பாடியில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். படம் பழைய வேகத்திலேயே ஊர்ந்து வந்தது. ஸ்கேன் டெக்னீஷியன் செல்வராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டுப் பேர் இருக்காங்கன்னீங்க. ஒருத்தன்தான் வேலை செய்றான். மீதி ஏழு பேர் இன்னா சார் பண்றாங்க?"

காபிக்கு வழியில்லை

ரோஷத்தோடு உட்கார்ந்தேன். தலையைக் குறுக்கே எட்டுப் பட்டையாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பெரிய மெஷின் வந்தால் பதினாறாகவும், சின்னதென்றால் இரண்டாகவும் தானே பிரித்துக்கொள்ளும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முக எலும்பு டாக்டர் கிருபா பட்டனைத் தட்டினார். நிமிர்வதற்குள் படம் வந்துவிட்டது.

"முன்னெல்லாம் இது ஓடி முடிக்கிறதுக்குள்ள ஒரு காபி குடிச்சிட்டு வருவேன். அதுவும் போச்சா?"

முள் கீறலும் மெஷின் கோடும்

அடுத்த வாரம் ஆம்பூரிலிருந்து ரஹ்மான் என்பவர் வந்தார். பைக்கில் விழுந்து கன்னம் வீங்கியிருந்தது. படத்தில் கண்குழிக்குக் கீழே மெல்லிய விரிசல். அந்த இடத்து எலும்பு காகிதம் போன்றது. தனித்தனி ஸ்கேன் படங்களில் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. கண்ணுக்கடியில் திறந்து பார்ப்பதா வேண்டாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். ரஹ்மானின் அண்ணன் இஸ்மாயில் திரையருகே குனிந்தார். தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிப்பவர்.

"இது ஒடைஞ்ச மாதிரி இல்லயே மேடம்," என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் விரலை மேலும் கீழும் நகர்த்தினார். அதே மாதிரிக் கோடு நெற்றியில் ஒன்று, தாடையில் ஒன்று, சம இடைவெளியில், மிக லேசாக. கோபம் போய்விட்டது. அதே ஸ்கேனைப் பழைய மெஷினில் ஓட்டினேன். விரிசல் இல்லை. எட்டுப் பேரும் அவரவர் பட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பட்டையின் ஓரத்தை எவனும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல நான் மறந்ததால், பட்டைகள் சேரும் இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. டாக்டர் மூலப் படங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துவிட்டுக் கத்தி வேண்டாம் என்றார். என்னால் ஒருவர் கண்ணுக்கடியில் கத்தி பட்டிருக்கும். இஸ்மாயில் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் விளக்கினார்.

"ஆடு மாட்டை முள்ளு கீறினா தோல்ல வளைஞ்சு வளைஞ்சு போகும் சார். ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா போனா அது மெஷின் கோடு. எங்க செலக்‌ஷன் டேபிள்ல தினம் பார்க்கிறதுதான்."

ஊர் சுற்றும் தலை

ஓரங்களைச் சரிசெய்தேன். அதிலிருந்து எந்தப் புது மெஷின் வந்தாலும், வேகத்தை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் ஒரே தலையைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதற்கு ரஹ்மானின் தலையையே வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். கன்னத்து வீக்கம் வடிந்திருந்ததால் நன்றாகச் சிரித்தார்.

"தாராளமா எத்தினி மெஷின்ல வேணா ஓட்டுங்க சார். என்னை மட்டும் திரும்பப் படுக்க வெக்காதீங்க."

எந்த மெஷினிலும் வேகமாக ஓட வைக்க நான் ஏகப்பட்ட புத்தகம் படித்தேன், ஓடியது சரியா என்று பார்க்கத்தான் ஆம்பூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.