மாமனார் பிடித்துப் பார்த்த பல்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. கல்லூரியில் பாடம் நடத்திப் பிழைக்கிறவனுக்கு முன்பல் என்பது பாதி உத்தியோகம். அது போனால் கடைசி பெஞ்சு என்ன பட்டப்பெயர் வைக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். உண்மையிலேயே பயந்துபோனேன்.

கோவையில் புதிதாக வந்திருந்த ஈறு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஈறு நோய், பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்திருந்தது. என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, தட்டணுக்களை மட்டும் திரட்டி, எலும்புத் தூளோடு குழைத்து அந்தக் குழியில் வைத்தால் எலும்பு மறுபடி வளர வாய்ப்புண்டு என்றார். உத்தரவாதம் தர மாட்டேன் என்றும் சேர்த்தே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வைத்துத் தைத்து முடித்ததும் ஒரே நிபந்தனை போட்டார். அந்தப் பல்லை நாக்கால்கூடத் தொடக் கூடாது. அசையாமல் இருந்தால்தான் எலும்பு கூடும்.

மறுநாளே உடுமலைப்பேட்டையிலிருந்து மாமனார் இளநீர்க் குலையோடு வந்து இறங்கினார். அவர் ஊரில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். உதட்டை விலக்கி, பல்லைப் பிடித்துப் பார்த்து அவர் வயது சொன்னால் சந்தையில் மறுபேச்சு கிடையாது. என் ரத்தத்தை எடுத்து எனக்கே வைத்ததில் அவருக்கு டாக்டர்மேல் சந்தேகம். கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதே கிணற்றில் ஊற்றுவதற்கு ஒரு படிப்பா என்று மகளிடம் கேட்டாராம்.

காபி குடித்து முடித்ததும் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங் மாப்ள, வாயத் தொறங்க. புடிச்சிருக்குதான்னு பாத்துப்போடலாம்."

தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அது விவரம் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்றார். பெண் கொடுத்தவர் கேட்கும்போது வாயை இறுக்கிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. திறந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்ளே போயின. முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஆடுகிறது என்று வருத்தத்தோடு அறிவித்தார். அக்கறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் தங்கியிருந்தவரை காலைக் காபிக்குப் பிறகு இந்தச் சோதனை தவறாமல் நடந்தது.

மறுபடி டாக்டரிடம் போனபோது மாமனாரும் கூடவே வந்தார். எலும்பு கூடுவதற்குள் யாரோ பல்லை அசைத்திருக்கிறார்கள், இனி பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனாருக்கு வந்தது நிஜமான கோபம். "யாருங் மாப்ள அந்த வேலையப் பண்ணுனது?" என்று என்னையே கேட்டார்.

டாக்டரும் என்னைப் பார்த்தார். மாமனாரை வெளியாள் முன்னால் காட்டிக்கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான்தான் என்றேன்.

மாமனார் எழுந்து நின்று எனக்காக டாக்டரைக் கும்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. படிச்சவருதானுங்க. ஆனாச் சொன்ன பேச்சக் கேக்க மாட்டாருங்க."